மைதீனின் செம்புச் சுருள்

மைதீனின் மனைவி ஆயிஷா போன் செய்தபோது தென்காசியில் சாரல் பிடித்திருந்தது. "அண்ணே, அவுக மௌத்தாயிட்டாக. பட்டறையில உக்காந்திருந்தவுக நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுச் சாஞ்சிட்டாக. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள்.

அடக்கத்துக்குப் போன இடத்தில் காதில் விழுந்த பேச்சுதான் என்னை இதை எழுதவைக்கிறது. சாராயக்காரர்கள் அடித்த அடியில் செத்தான் என்றார் ஒருவர். அவனே காய்ச்சினவன்தானே என்றார் இன்னொருவர். இரண்டும் உண்மையில்லை. மைதீனைத் தெரிந்தவர்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 'அவர்' என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

சவுதியில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து தென்காசியில் பட்டறை போட்டிருந்தான். எனக்குக் குற்றாலத்தில் தைலக்கடை. இலஞ்சியில் இருந்த என் நிலத்தில் எலுமிச்சைப்புல் போட்டு, தைலத்தை நாமே இறக்கினால் என்ன என்று இருவரும் கூட்டாக இறங்கினோம். கொதிகலன் வாங்கிவிட்டோம். ஆவியைக் குளிரவைக்கும் செம்புச் சுருளைத் தானே செய்வதாகச் சொன்னான் மைதீன்.

பழைய ஏசிகளில் கழற்றிய செம்புக் குழாய்களைச் சேர்த்தான். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை அடைத்து, ஒரு சிமெண்டுக் குழாயைச் சுற்றி மெதுவாக வளைத்தான். துண்டு துண்டாக இருந்ததால் நிறைய இணைப்புகள். வெள்ளிக் கம்பி வைத்து கேஸில் பற்றவைப்பதுதான் முறை. சீசன் நெருங்கிவிட்டது, கம்பியும் கைவசம் இல்லை. காரீயம் கலந்த சால்டர் பற்றாசையே உருக்கி ஊற்றினான். "ஏலே, இது வாயில போடுற சாமானா? மேல தடவுறதுதான. இது போதும்" என்றான். முதல் தைலம் சொட்டியபோது வாசனை வாய்க்கால் கரைவரை போனது. அன்று அவன் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. தைலத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுருளை ஒவ்வொரு வளைவாக விரலால் தடவினார். "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க அண்ணாச்சி. எதுக்குன்னு மட்டும் கேக்காதீய."

"கேக்காம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்" என்றான் மைதீன்.

அவர் கோபப்படவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு வாய்க்கால் கரையில் அடிக்கடி ஒரு பைக் நிற்கும். யாராவது எட்டிப் பார்த்தால் கிளம்பிவிடும்.

ஒரு நாள் காலையில் போனபோது தைலம் இறக்கும் கொட்டகையின் பின்பக்கத் தகரம் பிரிந்து கிடந்தது. தைலக் கேன்கள் அப்படியே இருந்தன, சுருளைக் காணோம். தைலம் தப்பியதே என்று நான் பெருமூச்சு விட்டேன். மைதீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அதுல சாராயம் இறக்கப் போறானுவலே. காரீயத்தையும் சேத்து அரிச்சு இழுத்துட்டு வரும். குடிக்கவன் வயித்துக்குள்ளதான் போகும்."

"திருடுனவன் குடிச்சுச் சாகட்டும்" என்றேன் எரிச்சலில்.

"திருடுனவன் குடிக்கமாட்டான். விப்பான்" என்றான்.

அன்றே போலீஸ் நிலையத்துக்குப் போனோம். "செம்புச் சுருள் உமக்கு எதுக்குய்யா? நீரே காய்ச்சிட்டு, பங்கு பிரிக்கதுல தகராறா?" என்று கேட்டார்கள். பொழுது சாயும்வரை அவனை உட்காரவைத்தார்கள். வழக்கு என்று வந்தால் முதலில் உன் பெயர்தான் வரும் என்றார்கள். "எழுதிக்கோங்க சார். ஆனா சீக்கிரம் தேடுங்க" என்றான். யாரும் தேடவில்லை.

அவனே தேடினான். பட்டறையைச் சாத்திவிட்டு மலையடிவாரத் தோப்புகளில் வாரக்கணக்கில் விசாரித்து அலைந்தான். ஒரு தோப்பில் புகையைக் கண்டு உள்ளே போனான். தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு வெளியே விலாவைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அடிக்கும்போதும் அவர்களிடம் சொன்னானாம்: "என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. அத மட்டும் ஊத்திக் குடுக்காதீய, அது விஷம்." சுருளை மீட்கப் பொய் சொல்கிறான் என்று சிரித்திருக்கிறார்கள்.

அடிபட்ட பிறகுதான் போலீஸ் போனது. சுருள் கிடைத்தது. நிலைய வாசலில் அதை வெயிலில் பிடித்து உள்ளே பார்த்த மைதீனின் முகம் வெளுத்துவிட்டது. வாய்ப்பக்க இணைப்பின் உள்விளிம்பு அரித்துப் போயிருந்தது. "ரொம்ப நாளா ஓட்டியிருக்கானுவ" என்று மட்டும் சொன்னான்.

சில மாதங்கள் கழித்துப் பட்டறை வாசலில் ஒருவன் வந்து நின்றான். செல்லத்துரை. தோப்பில் மைதீனை அடித்தவர்களில் ஒருவன். அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை, கூலியில் பாதி சாராயம். வயிற்றைப் பிசைகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றான். வலது கை மணிக்கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது, நிமிர்த்த முடியவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்னது..." என்று தொடங்கினான்.

மைதீன் முடிக்கவிடவில்லை. "ஏறுலே வண்டியில" என்றான்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனான். டாக்டரிடம், "இவன் குடிச்சது காரீயம் சார். அந்தச் சுருளப் பத்தவச்சது நான்" என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்கினான். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வைத்தியத்தில் வயிற்றுவலி போனது. கை முழுசாகத் திரும்பவில்லை.

அதன்பிறகு மைதீனிடம் ஒரு பழக்கம் வந்தது. டீக்கடையில் பக்கத்தில் யார் டம்ளர் எடுத்தாலும் கையைப் பார்ப்பான். அறிமுகமே இல்லாதவரிடம், "வயித்துல பிடிக்கா? கை மரத்துப் போகுதா?" என்பான். சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். சிலரை வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். ஒன்றுமில்லை என்று வந்தவர்களும் உண்டு, இருக்கிறது என்று வந்தவர்களும் உண்டு. "போதும்டா, நீயா ஊத்திக் குடுத்தே?" என்று ஒரு நாள் கத்தினேன். "எத்தன பேருக்குப் போச்சுன்னு உனக்குத் தெரியுமாலே? எனக்கும் தெரியாது. அதான் பாக்கேன்" என்றான். கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது.

அவனைக் கொன்றது அந்த அடி இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். இந்தக் கவலைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

அடக்கத்தின்போது செல்லத்துரை கடைசியில் நின்றான். எல்லோரும் மண் அள்ளிப் போட்ட பிறகு வந்து, இடது கையால் அள்ளிப் போட்டுவிட்டுப் போனான்.

மைதீன் என்னிடம் விட்டுப்போனது அந்தப் பயத்தைத்தான். உதறிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இப்போது உதறவும் விருப்பமில்லை. நேற்றுக் கடையில் ஒருவர் தைலப் புட்டி கேட்டுக் கையை நீட்டினார். என் கண் நேராக அவர் மணிக்கட்டுக்குப் போனது. கை நிமிர்ந்துதான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.