பெருவிரல் முடிச்சு

வேலைக்குப் போவதற்கு முன் நூலகத்தில் அந்த அமெரிக்க இயக்குநரைப் பற்றித் தேடிப் படித்தேன். எதையும் படிக்காமல் போவதென்றால் எனக்குப் பயம். சினிமாக் கலைக்களஞ்சியமொன்றில் அவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சிறு நகரமொன்றில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவரின் மகன். சாகக் கிடக்கும் ஒரு தாயைப் பற்றிய முதல் படத்தை இருபத்தாறு வயதில் எடுத்திருக்கிறார். அது பெரும் பெயர் வாங்கியது. அடுத்த இரண்டும் ஓடின. அதன்பிறகு எடுத்ததெல்லாம் தோல்வி. அமெரிக்காவில் அவரை நம்புவதற்கு ஆளில்லாமல் போன பிறகுதான் லண்டனுக்கு வந்து எங்கள் இடப்பெயர்வைப் படமாக்க நினைத்திருந்தார்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து அவருடைய படத்துக்கு மொழிபெயர்க்கச் சேர்ந்தேன். மகனுக்கு எட்டு மாதம். பால்குடி என்பதால் அவனையும் கொண்டுவரலாம் என்றார்கள். இரண்டு கரு கலைந்த பிறகு பிறந்தவன். ஒரு வயது முடியுமட்டும் வீட்டு ஆல்பத்துக்குக்கூட அவனைப் படம் எடுக்கக் கணவர் விடவில்லை, கண்பட்டு நாவூறு வரும் என்று.

"நீர் போறதெண்டால் போம்," என்றார். "ஆனால் பிள்ளையைப் படம் எடுக்க விடக்கூடாது. ஒரு காரணம் கொண்டும்."

விடமாட்டேன் என்று சொன்னேன். சாமிப் படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அப்படியே சொன்னேன்.

மூடிக் கிடந்த பள்ளிக்கூடமொன்றை வன்னியில் அகதிகள் தங்கிய பள்ளிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் நாற்பது பேர் அளவில் பாயில் உட்கார்ந்திருப்பதற்காக வந்திருந்தார்கள். பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்யும் அன்ரி ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருப்பார். எப்படிக் களைத்துப்போய் உட்காருவது என்று இயக்குநர் நடித்துக் காட்டியபோது, "நாங்கள் அகதியாய் இருந்தது சரியில்லையாம், இவர் பழக்கித் தாறார்," என்றார் அன்ரி. பின்வரிசை முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னார் என்று இயக்குநர் என்னிடம் கேட்டார். அவர்கள் உங்களைப் பாராட்டுகிறார்கள் என்றேன்.

மூன்றாம் நாள் காட்சியில், இடம்பெயர்ந்த குடும்பத்தின் குழந்தை இறந்துபோகிறது. குழந்தைக்கு ஒரு பொம்மை செய்திருந்தார்கள். அதை எரிப்பதற்கு விறகு அடுக்கியிருந்தார்கள். நான் மெதுவாகக் கையைத் தூக்கி, சின்னப் பிள்ளைகளை நாங்கள் எரிப்பதில்லை, புதைப்போம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. விறகை எடுக்கச் சொன்னார். வேறு என்ன பிழை என்று என்னைக் கேட்டார். பள்ளியில் நான் எப்போதும் முன்வரிசை. தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவோம் என்று சொன்னேன். வளர்ந்தவர்களுக்கு நிச்சயமாக. சின்னப் பிள்ளைகளுக்கும் கட்டினதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கே பார்த்தாய் என்றார்.

என் தம்பிக்கு நாலு வயது. இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது காய்ச்சலில் போனான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் அதை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை, கணவருக்குக்கூட. இயக்குநர் என் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். துணி எவ்வளவு அகலம் என்று கேட்டார். இரண்டு விரல் அகலம் என்றேன். எந்தத் துணி? அம்மாவின் சேலையில் கிழித்தது. முடிச்சு மேலேயா, கீழேயா? மேலே. கட்டும்போது உன் அம்மா அழுதாளா? இல்லை. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லி என் தோளைத் தொட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

"தங்கச்சி, கேக்கிற எல்லாத்துக்கும் பதில் சொல்லவேணுமே?" என்றார் அன்ரி. "உமக்கென்ன இஞ்ச சோதினையே நடக்குது?"

பொம்மையின் விரல்கள் ரப்பர். கட்டினால் நசுங்கின. நாலு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு இயக்குநர் பொம்மையைத் தூக்கி மூலையில் வைத்தார். பிறகு, போர்வையில் புரண்டுகொண்டிருந்த என் மகனைப் பார்த்தார். உடனே எதுவும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். முதல் படத்தில் கட்டிலில் கிடப்பது நடிகை இல்லை, தன் சொந்தத் தாய். படம் எடுத்துப் பதினோராம் நாள் செத்துப்போனாளாம். அந்தப் படத்தால்தான் அவள் இன்னும் இருக்கிறாள் என்றார். உன் தம்பியும் அப்படி இருக்கலாம். உன் மகனின் கால் மட்டும்தான். முகம் வராது.

கால் மட்டும் என்றால் அது பிள்ளையைப் படம் எடுத்ததாகுமா? அன்று இதைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். ஆகாது என்று எனக்கு நானே சொன்னேன். தன் தாயையே கொடுத்த மனிதரிடம் மாட்டேன் என்று சொல்வது மரியாதைக் குறைவாகவும் பட்டது.

மகன் நித்திரையாக வேண்டும். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து நானே பால் கொடுத்து நித்திரையாக்கினேன். உடை பார்க்கிற பெண்ணுக்கு முடிச்சுச் சரிவரவில்லை. இவளுக்குத்தான் தெரியும் என்று இயக்குநர் துணியை என் கையில் தந்தார். என் மணிக்கட்டில் தோசைக்கல் சுட்ட பிறைத் தழும்பு ஒன்று உண்டு. மேக்கப் போடுபவர் அதை மறைக்க வந்தார். இருக்கட்டும், அது உண்மை என்றார் இயக்குநர்.

நான் முடிச்சை வேண்டுமென்றே தளர்வாகப் போட்டேன். இழுத்தால் அவிழ்கிற மாதிரி. அவர் கெமராவில் பார்த்துவிட்டு, உன் அம்மா இப்படியா கட்டினாள் என்று கேட்டார். இல்லை என்றேன். அவிழ்த்துத் திரும்பவும் இறுக்கிக் கட்டினேன். மகன் நித்திரையில் ஒருமுறை விரலை அசைத்தான். அந்த அசைவு அடங்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்ரி எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை.

வீட்டில் கணவர், படம் எடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மகனைக் குளிப்பாட்டும்போது விரலில் சிவந்த கோடு இன்னும் இருந்தது. தேங்காய் எண்ணெய் பூசினேன்.

அந்தப் படம் பரிசுகள் வாங்கியது. இயக்குநரை அமெரிக்கா திரும்பவும் கூப்பிட்டது. போய் இன்னும் இரண்டு பெரிய படங்கள் எடுத்தார். சரியான அறுவையாம் என்று கணவரிடம் சொல்லி, அந்த அகதிப் படத்துக்கு நான் அவரைப் போக விடவில்லை. ஆறு வருடம் கழித்து இயக்குநர் இறந்தபோது அவருடைய வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் சமையலறையில் இருந்து ஓடிவருவதற்குள் கணவரும் மகனும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். திரையில் ஒரு கிழவி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவர் தாயாம். முதல் படத்தில் கட்டிலில் கிடந்தது நீங்களா என்று கேட்டார்கள். கிழவி விழுந்து விழுந்து சிரித்தாள். அது கூலிக்கு வந்த ஒரு பெண், நான் எல்லோருக்கும் சமைத்துக்கொண்டிருந்தேன், என் மகன் இந்தக் கதையைத்தான் எல்லாப் பெண்களிடமும் சொல்வான் என்றாள்.

நான் தொலைக்காட்சியை நிறுத்தியிருக்கலாம். ரிமோட் என் பக்கத்தில்தான் கிடந்தது. கிழவியின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். அடுத்ததாக, அவருடைய மிகச் சிறந்த காட்சி என்று இரண்டு கைகளையும் இரண்டு சின்னக் கால்களையும் காட்டினார்கள். அந்த நுணுக்கத்தை அவர் எங்கிருந்து கண்டுபிடித்தாரோ என்று ஒருவர் வியந்தார்.

"அம்மா, அது உங்கட கை," என்றான் மகன்.

கணவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு திரையை.

"ஆருடைய கால் அது?" என்று கேட்டார்.

 அவர் சோபாவால் இறங்கித் தரையில் முழங்காலிட்டு, மகனின் காலுறைகளை இழுத்துக் கழற்றினார். மகன் கூச்சத்தில் சிரித்துக்கொண்டு காலை உதறினான். அவர் விடவில்லை. பெருவிரல்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

அன்றிலிருந்து காலையில் மகனுக்குக் காலுறையும் சப்பாத்தும் போட்டுவிடுவது அவர்தான். வேலைக்குப் பிந்தினாலும் அவர்தான். ஒருநாள் நான் குனிந்தேன்.

"நீர் விடும்," என்றார்.