முள் இறங்காத கார்

எங்கள் முதலாளியின் காரில் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டும். எழுபதுகளின் கடைசியில், இடைசெவல் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் அவருக்கு நான் டிரைவர். வீட்டிலிருந்து ஆபீசுக்கு ஒன்றரை மைல். காலையில் ஒரு நடை, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை. அவர் அந்தக் காரில் அதற்குமேல் போனதில்லை. ஆனாலும் டாங்கி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். டிக்கியில் இரண்டு கேன் வேறு. "முள்ளு இறங்கப்படாதுலே. ஒருவேள மெட்ராசுக்குப் போக வேண்டியது வந்துட்டுன்னா?" என்பார். நான் இருந்த ஒன்பது வருஷத்தில் அந்த ஒருவேளை வரவே இல்லை. மெட்ராசுக்குப் போனபோதெல்லாம் மனுஷன் ரயிலில்தான் போனார்!

இதில் கூத்து என்னவென்றால், பெட்ரோல் பங்க் ஆறு மைல் தள்ளிக் கோவில்பட்டியில். முள் கொஞ்சம் அசைந்தாலும் நான் போய் நிரப்பி வர வேண்டும். பெட்ரோல் போடப் போய் வந்ததில்தான் பாதிப் பெட்ரோல் தீர்ந்தது. இந்தப் புத்தியை என்னவென்று சொல்ல?

இப்போது என் மகன் மின்சாரக் கார் வாங்கப் போகிறான். தினமும் பதினைந்து கிலோமீட்டர் போகிறவனுக்கு, ஒரு சார்ஜில் ஐந்நூறு ஓடாத வண்டி ஆகாதாம். "ஒருவேள தூரமாப் போகணும்னா?" என்கிறான். சீ, அதே வார்த்தை! எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தத் தீப்பெட்டி ஆபீசில் ஒருநாள், குச்சிகளை எடுத்துப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் அவை குபீரென்று பற்றிக்கொண்டன. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரி கோவில்பட்டியில், பஸ் வர ஒன்றரை மணி நேரம். முதலாளியிடம் ஓடினேன்.

"பங்க்ல தட்டுப்பாடுன்னு போர்டு மாட்டிட்டான்லா. இருக்கதையும் தீத்துட்டு, நாளைக்கு அவசரம்னா நான் என்ன செய்ய? பஸ்ஸு வரும், ஏத்தி விடு" என்றார்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், மிஞ்சிப்போனால் வேலையைப் பிடுங்கியிருப்பார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவரைவிட நான்தான் ஈனப்பிறவி.

சாக்கு விரிப்பில் கிடந்தவள் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, வண்டி எடுக்கலியா?" என்றாள்.

"டாங்கில பெட்ரோல் இல்ல தாயி" என்றேன்.

அந்தக் கையில் விரல்கள் ஒட்டிப்போய், பிறகு அவளால் பெட்டி அடைக்கவே முடியவில்லை. ஆனால் அன்றைக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"இல்லாட்டா நீங்க என்ன செய்வீய, அண்ணாச்சி."