கனி ராவுத்தர் சோடாவில் சாராயம் இல்லை

என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், பொறுத்துப் படியுங்கள். இந்த வயதில் இப்போதுதான் எழுதப் படித்தேன். ஒரு வரி முடிந்தால் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் இன்று கோபத்தில் எழுதுகிறேன்.

பாகூரிலிருந்து வந்த வண்டிக்காரன் சொன்னான்: "தாத்தா, சாராய சோடா பாய் பூட்டாராம்." சாவுச் சேதியிலுமா அந்தப் பட்டப்பெயர்?

வில்லியனூரில் சோடாக்கடை வைத்திருந்த கனி ராவுத்தரை உங்களுக்கெல்லாம் தெரியும். யுத்த காலத்தில் மெட்ராஸிலிருந்து சோடாவுக்கு காஸ் சிலிண்டர் வருவது நின்றுபோனது. நான் அப்போது சாராயம் காய்ச்சும் இடத்தில் வேலை பார்த்தேன். வெல்லம் புளிக்கும் ஊறல் தொட்டியில் நுரைத்துக் கிளம்பி வீணாவதும் சோடாவுக்கு வேண்டிய அதே காற்றுதான். ராவுத்தர் என் முதலாளியிடம் கேட்டு, தொட்டிக்கு மூடி போட்டு, குழாய் வைத்து அதைப் பிடித்தார். முதல் பாட்டிலைத் திறந்தால் ஊறல் நாற்றம். அன்று அடைத்த அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்தார். "நான் குடிக்காதத ஊருக்கு எப்படிப்பா குடுப்பேன்?" என்றார்.

பிறகு கொட்டாங்கச்சியைச் சுட்டுக் கரியாக்கி, நொறுக்கி, பீப்பாயில் அடைத்து, காற்றை அதன் வழியே விட்டார். "கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொந்துங்கப்பா. நாத்தம் அதுல மாட்டிக்கும், காத்து தப்பிச்சு வந்துடும்." பொந்துகள் நிரம்பியதும் கரியை மறுபடி வறுத்து நாற்றத்தைப் போக்குவார்.

அங்கேயே நின்று எங்கள் இருவர் மூக்கும் மரத்துப்போயிருந்தது. "உன் வூட்டுக்காரிகிட்ட காட்டு" என்றார். குளிக்காமல் வந்தால் என்னை வாசலிலேயே நிறுத்துகிறவள் என் மனைவி அஞ்சலை. பாட்டிலை மோந்து பார்த்து, "இதுல இன்னா கீது? வெறும் காத்து" என்றாள். அதற்குப் பிறகுதான் கடையைத் திறந்தார்.

ஒரு கல்யாணப் பந்தலில், காற்று வரும் இடம் தெரிந்த பண்ணையார் ஒருவர் இரண்டு சோடா குடித்து ஏப்பம் விட்டுவிட்டு, "இது சாராய சோடாடா" என்றார். பந்தலே சிரித்தது.

"நாத்தம் அடிச்சா சொல்லுங்க ஐயா, கடையை மூடிடறேன்" என்றார் ராவுத்தர்.

"நாத்தம் இல்ல பாய். பேரு நல்லாகீது, இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வருஷம் நோன்பு திறக்க அவருடைய சொந்த ஜனங்களே அவர் சோடாவை வாங்கவில்லை. ஒருவராவது மோந்து பார்த்தார்களா? அந்தக் கரியை வந்து பார்த்தார்களா? அவர் யாரையும் வையவில்லை. எனக்குத்தான் இன்றும் வயிறு எரிகிறது.

ஊர் பிடுங்கிக்கொண்ட அவர் பெயரை நான் இந்தத் தாளில் வைத்துக்கொள்கிறேன். கனி ராவுத்தர். எழுத நேரம் பிடிக்கிறது, ஆனால் பிழையில்லாமல் வருகிறது. கை வலிக்கிறது, அடுத்த வாரம் மீதியை எழுதுவேன், அதையும் இந்தப் பெயரில்தான் தொடங்குவேன்.