பத்தொன்பது இடத்தில் எழுதிய தபசு

இந்தச் சித்திரைக்கும் ஆடிக்கும் நடுவில் நான் ஐந்து கிலோ இளைத்துவிட்டேன். காலை நடையின் பலன் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடையுமில்லை, ஒன்றுமில்லை. பொறாமை. கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு பெண்மீது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் உண்டு. கல்யாணப் பத்திரிகை, பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று பிழைப்பு ஓடும். பதினான்கு வருடம் முன்பு ஒரு விசைத்தறி முதலாளி கேட்டார் என்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இன்று எந்தத் தறியில் யார் நிற்பது என்று அதுவே முடிவு செய்து, காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு தொழிலாளியின் போனுக்கும் செய்தி அனுப்பும். அடுத்த மாதமே பக்கத்துத் தறிக்கூடத்து முதலாளி படியேறி வந்தார்.

"அவருக்குப் போட்டதையே எனக்கும் போட்டுக் கொடும்வே. ஆனா எங்க தறிச் செட்டுக்கு ஏத்த மாதிரி."

முழு ஃபைலையும் காப்பி எடுத்தேன், முதலாளி பெயரை மாற்றினேன், அங்கங்கே இரண்டு வரி திருத்தினேன், கொடுத்தேன். மூன்றாமவருக்கு இரண்டாவதின் காப்பி. நான்காமவருக்கு மூன்றாவதின் காப்பி. ஒரு கூடத்தில் எட்டாம் எண் தறியே கிடையாது. எட்டு ஆகாது என்று ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று எழுதி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதிய ஷிஃப்ட் தள்ளித் தொடங்கும். இப்படியாகப் பத்தொன்பது கூடம், பத்தொன்பது ஃபைல். 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் சரி', 'அது இல்லை இதுதான் சரி' என்று அவற்றுக்குப் பெயர்.

அம்பாள் தவமிருக்கும் ஆடித்தபசுக்கு ஊரே விடுமுறை. நட்சத்திரத்தைப் பார்த்து வருவதால் தேதி வருடா வருடம் மாறும். அந்தத் தேதியைப் பத்தொன்பது ஃபைலிலும் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஆகவே ஆடி பிறந்ததும் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிடுவேன். தேதி மாற்ற ஒரு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் டீ, வடை, உபசாரம். "அண்ணாச்சி வந்தாச்சுலா, அப்ப தபசு வந்துட்டு" என்பார்கள். கொடியேற்றத்துக்கு முன்னால் என்னை ஏற்றுவது போல இருக்கும். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒரே இடத்தில் எழுதியிருந்தால் பத்தொன்பது டீக்கு எங்கே போவேன்?

போன வருடம் பதினெட்டு டீதான் குடித்தேன். ஒரு கூடத்தை மறந்துவிட்டேன்.

தபசு அன்று காலை ஆறு மணிக்கு அந்தக் கூடத்து ஆட்கள் இருபது பேருக்கும் 'காலை ஷிஃப்ட், உடனே வரவும்' என்று செய்தி போய்விட்டது. பாதிப் பேர் பெண்டு பிள்ளைகளோடு கோவில் வாசலில் நின்றவர்கள். சிலர் அடித்துப் பிடித்து ஓடிவந்து பார்த்தால் கூடம் பூட்டிக் கிடந்தது. வராதவர்களுக்கு எட்டு மணிக்கு என் புரோகிராம் இன்னொரு செய்தி அனுப்பியது: 'நீங்கள் வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.' காரணத்தை அவர்கள் எனக்கே போன் போட்டுத் தெரிவித்தார்கள். எழுதும்படியாக இல்லை.

கடைசியில் முதலாளிகள் சங்கத் தலைவரே கூப்பிட்டார். "ஏன்வே, அம்பாளே தபசுல நிக்கா, நீரு எங்க ஆளுகளத் தறிக்கு வரச் சொல்லுதீரே! வெளங்குமாவே?"

நான் சென்டரின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டேன். போனை அணைத்தேன். யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்க மறுபடி போட்டேன். கூப்பிட்டிருந்தார்கள். அணைத்தேன்.

தலைவர் அதை மறக்கவில்லை. இந்தச் சித்திரையில் படியேறி வந்தார். "கடையநல்லூர்ல ஒரு பிள்ளை இருக்கு. வீட்டுல இருந்தே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பாக்கு. அதுகிட்ட புரோகிராமக் காட்டுவோம். அது சரி பண்ணிட்டுன்னா இனிமே அதுவே பாத்துக்கிடட்டும். நீரும் எத்தன வருசந்தான் அலைவீரு?"

என்மேல் இரக்கப்படுகிறாராம். புரோகிராம் போனால் என்னிடம் மிஞ்சுவது பட்டா நகல்தான். பட்டா நகல் எடுத்துத் தருகிறவனை யார் வடை வைத்து வரவேற்கிறார்கள்?

அவள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள், கணவர் துபாயில். என் ஃபைல்களைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அதுதான் அதிகம் சுட்டது.

"அண்ணாச்சி, இந்தப் பத்தொன்பதும் ஒண்ணுதான?"

"எப்படிம்மா ஒண்ணாகும்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு முதலாளில்லா?"

"முதலாளிதான் வேற. வேலை ஒண்ணுதான்" என்றவள் இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். மூவாயிரம் வரியில் வேறுபட்டவை மட்டும் சிவப்பாயின. பதினோரு வரி. என் பதினான்கு வருட உழைப்பு அந்தப் பதினோரு வரியில் கொசுக்கடி மாதிரி தடித்துக்கொண்டு நின்றது.

பிறகு ஒரு இடத்தில் நிறுத்தினாள். 'இப்படி இருந்தால்' என்பதற்குள் ஒரு 'இப்படி இருந்தால்', அதற்குள் இன்னொன்று என்று ஒன்பது அடுக்கு. கடைசி வரி திரையின் வலது ஓரத்தில் தொங்கியது.

"இதுக்குள்ள போனா திரும்பி வர வழி தெரியலயே அண்ணாச்சி."

"நான் போயிட்டுப் போயிட்டு வந்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீங்க எழுதுனவங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்தா?"

வேறு ஒருத்தர் எதற்கு வரவேண்டும்? வரக்கூடாது என்றுதானே அப்படி எழுதியது? வெளியே சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சென்றேன்.

வைகாசி கடைசிக்குள் முடித்துவிட்டாள். ஒரே புரோகிராம். கூடத்துக்குக் கூடம் வேறுபடுவது மட்டும் ஒரு சின்னப் பட்டியலில். விடுமுறைகள் எல்லாம் ஓர் இடத்தில். ஒன்பது அடுக்கு இருந்த இடத்தில் நான்கு சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அது செய்யும் வேலையே பெயர். வாசித்துப் பார்த்தேன். எனக்கே புரிந்தது. பாவி!

ஒரே நம்பிக்கை அந்த எட்டாம் எண் தறி. எல்லாவற்றையும் ஒன்றாக்கியவள் அதையும் சேர்த்து வழித்துப் போட்டிருப்பாள்; இல்லாத தறிக்கு ஆள் போவான்; தலைவர் என் மாடிப்படி ஏறுவார். எச்சரிக்கலாம். எச்சரிக்கவில்லை.

"ஏன் தனியாச் சிரிச்சிக்கிட்டே சாப்பிடுதீய?" என்றாள் மனைவி.

"சாம்பார் நல்லாருக்கு."

"அது ரசம்."

புது புரோகிராம் தொடங்கிய அன்று காலை ஆறு மணிக்கு அந்த எட்டில்லாத கூடத்து வாசலில் நின்றேன். தொழிலாளிகளின் போன்கள் கிணுகிணுத்தன. எட்டிப் பார்த்தேன். ஆறு, ஏழு, ஒன்பது.

"எட்டு?" என்றேன் முதலாளியிடம்.

"எட்டுதான் கெடையாதேவே. அந்தப் பிள்ளை வந்து ஏன் இல்லன்னு கேட்டு எழுதிட்டுப் போச்சுலா. ஒரு மணி நேரம் இருந்துச்சு. பத்தொன்பது செட்டுக்கும் போயிருக்கு. டீ குடிச்சிட்டு, வடையும் தின்னுட்டுத்தான் போச்சு."

என் டீ. என் வடை. பதினான்கு வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்து குடித்த நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. மொபெட்டை உதைத்தேன். அதுகூட இரண்டாவது உதையில்தான் கிளம்பியது.

அன்று மத்தியானம் அவளே போன் செய்தாள். "அண்ணாச்சி, ஒரு வரி மட்டும் புரியல. செவ்வாய்க்கிழமைன்னா செய்தி அனுப்புறதுக்கு முன்னால நாலு செகண்டு நிறுத்தச் சொல்லுது. பத்தொன்பது ஃபைல்லயும் இருக்கு. எந்த முதலாளிக்கும் தெரியல. எதுக்கு அது?"

யோசித்தேன். அந்த வரியை எதற்கு எழுதினேன் என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

"அது ரொம்ப முக்கியம்மா" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எத எடுத்தாலும் அத மட்டும் எடுத்துராத."

"சரி அண்ணாச்சி."

எவ்வளவு சந்தோஷம்! அவளுடைய துடைத்து வைத்த புரோகிராமுக்குள் என் வரி ஒன்று குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் காலை ஆறு மணிக்கு டீ தம்ளரோடு வாசலில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவேன். சங்கரன்கோவில் தறியெல்லாம் எனக்காக நான்கு நொடி காத்திருக்கிறது!

ஆடி பிறந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. தபசு அன்று காலை டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஐந்து பேரின் போன்களும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. வெவ்வேறு கூடத்து ஆட்கள். 'இன்று தபசு விடுமுறை.' அவள் வீட்டிலிருந்தே ஓர் இடத்தில் ஒரு தேதியை மாற்றியிருக்கிறாள்.

மாலையில் தபசுக் காட்சியை முழுதாகப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் போன் அடிக்காமல் பார்த்தது இதுதான் முதல் தடவை. கும்பிட்ட கையை இறக்கும்போது மனசு ஒரு மாதிரி இளகிவிட்டது. மறுநாளே அவளுக்குப் போன் செய்தேன்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை வரிம்மா. உண்மையச் சொல்லுதேன், அது எதுக்குன்னு எனக்கே தெரியாது. எடுத்துரு."



"அத அன்னைக்கே எடுத்துட்டேன் அண்ணாச்சி. எடுத்துப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. ஒங்க மனசு சங்கடப்படும்னுதான் சொல்லல."

போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் புரட்டினேன். எட்டுச் செவ்வாய். எட்டிலும் டீ ஆறிப்போகிற அளவுக்கு நிதானமாக, நான்கு வரை எண்ணியிருக்கிறேன்.