பூவரசங்குளத்துத் தங்கச்சிக்கு ஒன்றும் செய்யவில்லையாம்!

சென்ற செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு, அயல்வீட்டுச் சிவபாதம் அண்ணை என் மனைவியைப் பார்க்க மீண்டும் வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். வாயில் வழக்கமான வசனம்.

"பூவரசங்குளத்தில இருக்கிற என்ர தங்கச்சிக்கும் மார்பிலதான் புற்றுநோய். இதே மருந்துதான் ஏத்தினவை. அவளுக்கு அது ஒண்டும் செய்யேல்ல. பஸ்ஸில வீட்ட போய்ச் சமைச்சவள்!"

நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல வழக்கம். போன இடத்தில் இன்னொரு நோயாளியின் வெற்றிக் கதையை அவிழ்ப்பது... அதற்குப் பெயர் ஆறுதலாம்!

நான் எதையும் எழுதி வைப்பவன். மனைவிக்குக் கீமோ தொடங்கிய நாளிலிருந்து காலையும் மாலையும் காய்ச்சலைக் கொப்பியில் குறிக்கிறேன். நூறு தசம் நாலைத் தொட்டால் உடனே வர வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பான கட்டளை.

போன மாதம், இரண்டாவது தடவை மருந்து ஏற்றி ஒரு கிழமை கழித்து, மூன்று நாள் ஒரே இலக்கம் — தொண்ணூற்றெட்டு தசம் ஆறு. அவள் வாசித்துச் சொன்னாள், நான் எழுதினேன். எவ்வளவு ஒழுங்கான முட்டாள்!

நான்காம் நாள் காலை தற்செயலாக அவள் கையைத் தொட்டேன். கொதித்தது. தேர்மோமீட்டரை நானே வாங்கிப் பார்த்தேன். நூற்றிரண்டு.

"ஏனப்பா மறைச்சனீர்?"

"அண்ணையின்ர தங்கச்சி தாங்கினவாவாம். நான் செல்லம் கொண்டாடுறன் எண்டு கதைப்பினம். டாக்டரும் மருந்தை நிப்பாட்டிப்போட்டால்?"

ஆட்டோ பிடித்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தில் வெள்ளணுக்கள் அநேகமாக இல்லை. இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால்... அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "ஐயா, ஒரே மருந்தை எல்லா உடம்பும் ஒரே மாதிரி உடைக்கிறேல்ல. பரம்பரையா வாற மரபணுவும் அதுக்கொரு காரணம். மெதுவா உடைஞ்சால் மருந்து கனநேரம் நிண்டு வாட்டும். அவாவில பிழையில்லை. அடுத்தமுறை அளவைப் பார்த்துக் குடுப்பம்."

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை அண்ணையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்தார்.

"மரபணுவோ? அதெல்லாம் படிச்ச ஆக்களின்ர கதை, தம்பி. மனத்தைரியம் வேணும்!"

நாற்பது வருடம் வயல் செய்தவர். ஆகவே வயலையே கேட்டேன்.

"அண்ணை, எங்கட பழைய மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கும் புது இன நெல்லுக்கும் ஒரே அளவு யூரியாவோ போடுறனீங்கள்?"

பதறிப்போனார். "விசரே உமக்கு? மொட்டைக்கறுப்பனுக்கு அவ்வளவு போட்டால் அப்பிடியே சாய்ஞ்சிடும். நெல்லுக்கு நெல் குணம் வேறயல்லோ!"

"சாய்ஞ்ச நெல்லுக்கு மனத்தைரியம் காணாது போல."

அறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அண்ணை, என்னையும் ஒரு நெல்லா நினைச்சுக்கொள்ளுங்கோவன்!"

தோடம்பழப் பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். நான் கொப்பியை எடுத்தேன்.

மாலை ஐந்து நாற்பது. காய்ச்சல் தொண்ணூற்றெட்டு தசம் இரண்டு — வாசித்தது நான்.