கண்ணாடித் தட்டைத் தேய்த்தவன்

கிளியம்மாள் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரி. அவள் இயற்பியல் லேபில் அட்டெண்டர், நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வருவோம்.

எண்பத்தாறில் அந்த லேபுக்கு ஒரு லேசர் வந்தது. கூடவே, ஸ்டாண்டில் சுழலும் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு. ஓரிடத்தில் தெளிவாக இருக்கும். சுற்றச் சுற்றச் சாம்பல் நிறம் ஏறி, கடைசியில் கரும்புகையாகிவிடும். லேசர் ஒளி அதன் வழியாகத்தான் போகும். தட்டைத் திருப்பினால் சுவரில் விழும் சிவப்புப் புள்ளி, ஃபேன் ரெகுலேட்டர் வைத்தாற்போலக் கூடும், குறையும். ஒளியை முழுசாக விட்டால் பிள்ளைகள் கண்ணுக்கு ஆபத்து. "குறைங்கம்மா" என்று பேராசிரியர் சுப்பராயலு சொன்னால், கிளியம்மாள் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்புவாள். வேறு யாரையும் அவர் தொட விடமாட்டார். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை! பஸ்ஸில் அதே பேச்சுதான், எனக்குக் காது புளித்துப்போகும்.

பக்கத்து கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டர் ஆதிநாராயணன். கண்டாச்சிபுரத்துக்காரன், தாய் தகப்பன் இல்லாதவன், விழுப்புரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் அவள் சோறு கட்டுவாள். இருவருமே தற்காலிகம். ஒரே ஒரு இடம் பர்மனென்ட் ஆகப்போகிறது, பல வருஷம் உழைத்த அவளுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. கருவிகளையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். உதவிக்கு வந்தான் ஆதிநாராயணன். கிளியம்மாள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், குத்துவிளக்கு தேய்த்த புளியும் சாம்பலுமாக அந்தத் தட்டையும் ஒரு கை பார்த்துவிட்டான் மகராசன். திரும்பி வந்தவள் பதறிப்போனாள்.

"அய்யய்யோ, இன்னாடா பண்ணிட்ட? அது கறை இல்லடா, பூச்சு!"

"பளிச்சுனு இருக்கட்டுமேன்னு தேச்சேன்க்கா. சார்கிட்ட நானே சொல்லிடுறேன், நீ வாயத் தொறக்காத."

அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? தம்பியாயிற்றே.

லீவு முடிந்து பேராசிரியர் லேசரைப் போட்டார். தட்டை எப்படித் திருப்பினாலும் புள்ளி குறையவேயில்லை. "யார் இதைத் தொட்டது?" என்று கத்தினார். பக்கத்து லேபிலிருந்து ஓடிவந்த ஆதிநாராயணன் கைகட்டி நின்றான்.

"அக்கா தெரியாம தேச்சிட்டாங்க சார். புள்ளகுட்டிக்காரங்க. இந்த ஒரு தபா மன்னிச்சி வுட்டுடுங்க சார்."

அடப்பாவி! பழியையும் போட்டுவிட்டுப் பரிந்தும் பேசினான். கிளியம்மாள் விறுவிறுவென்று லேபை விட்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் போய் உண்மையைச் சொன்னாள். தனக்காகக் கெஞ்சியவன்மேலேயே பழி போடுகிறாளே என்று எல்லோரும் அவளைத்தான் ஏசினார்கள். அவளுக்கு வேலை போயிற்று, இடம் அவனுக்குப் போயிற்று. அந்த ஆர்டரை டைப் அடித்தது நான்தான். என்ன கொடுமை!

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எங்கள் பின்சீட்டில் அவன் வந்து உட்கார்ந்தான். ஒன்றுமே நடக்காதவன் மாதிரி மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தான்.

"கோச்சிக்காதக்கா. உனக்கு மாமா ரயில்வேல சம்பாரிக்கிறாரு. எனக்கு யாருக்கா இருக்காங்க?"

கிளியம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"நான் இருந்தேனேடா" என்றாள்.

வழியில் விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும், அவன் எடுத்துக் கொடுத்த விழுப்புரம் டிக்கெட்டைச் சீட்டிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.