காற்று பார்த்துக் கட்டிய கட்டடம்

ராணிப்பேட்டைப் பக்கம் உள்ள தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் பொதுமக்கள் பார்க்க அனுமதித்த நாளில், அங்கே வேலை பார்க்கும் விஞ்ஞானி ஒருவர்தான் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். வெள்ளைக் கோட்டு, சாயமேறிய நகங்கள். பேசும்போதெல்லாம் பழைய கருங்கல் சுவரை, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டுவார்.

“அந்தக் காலத்து மூளைய பாருங்கம்மா! மேற்கால ஆபீசு, கெழக்கால தோல் ஊற வைக்கிற ஷெட்டு. மேல்காத்து அடிச்சா நாத்தம் ஆபீசுக்கு வராது. அப்டியே ஊர் பக்கம் போய்டும்.”

எல்லாரும் வியந்தார்கள். என் இடுப்பிலிருந்த மகள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். கேட்கலாமா என்று தயங்கி, கேட்டுவிட்டேன்.

“அந்த ஊர்லதான் சார் நாங்க இருக்கோம். கட்டும்போது எங்கள யாரும் நெனைக்கலியா?”

“அதுக்கு இப்ப இன்னா பண்றது? கட்டடத்த திருப்பி வெக்கவா முடியும்? ஜன்னல சாத்திக்கோங்கம்மா” என்றார், அக்கறையாகவே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு எதையோ தவறாகக் கொடுத்துத்தான் இந்த இழுப்பு வந்தது என்று இத்தனை நாள் என்னையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

அடுத்த கூட்டம் வந்தது. அதே பெருமையோடு தொடங்கினார். “நாத்தம் அப்டியே போய்டும்” என்றவர், எந்தப் பக்கம் என்பதை மட்டும் இம்முறை சொல்லவில்லை. வெட்கத்தாலா, நான் இன்னும் அங்கேயே நின்றதாலா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.